விட்கம் ஐயரின் திருவாசனம்

அது நாற்காலி இல்லை என்று சொல்லிவிடலாம். எழுந்து நின்று, பேனாவை மூடி வைத்துவிட்டு, ஐயா, அது நீங்கள் நினைக்கிற நாற்காலி இல்லை என்று சொன்னால் போதும். பிறகு என்ன அது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏழு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நான் டீச்சராக இருக்கிறேன்.

சந்தனம் எழுந்து நிற்கவில்லை. ‘ஐயரவர்களின் ஆசனத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு’ என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்காகத் தலை நிமிர்ந்து காத்திருந்தாள்.

1958, பங்குனி வெயில். அன்னவாசலுக்கு மேற்கே, பாறைக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவில் இருக்கிறது பங்களாமேடு. அந்த ஊர் ஆலயத்தில், குரு அங்கி மாற்றும் உடுப்பறையில் நூற்றாண்டுக் கமிட்டி கூடியிருந்தது. நூற்றாண்டு ஆலயத்துக்கு அல்ல. ஆலயத்தைக் கட்டிய ஆங்கிலிக்கன் பாதிரியார் ரெவரெண்ட் தியோடர் விட்கம், ஊர் வழக்கில் விட்கம் ஐயர், பிறந்து நூறு வருஷம் ஆகியிருந்தது. அவர் பிறந்த ஊரில் இதைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. பங்களாமேட்டில் இருந்தது.

தலைவர் சேகரகுரு ரெவரெண்ட் பாக்கியநாதன். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரும் அவரே. செயலாளர் பிச்சைமுத்து, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியும் அவர் அந்தச் சேதியை ஒரு வதந்தியாகவே நடத்திவந்தார். பொருளாளர் சாலமோன் உடையப்பன், அரிசி மில் வைத்திருந்தார், அதனால் பொருளாளர். சந்தனம் கமிட்டியில் இல்லை. அவள் கையெழுத்து அழகாக இருந்ததால் தீர்மானங்களை எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி, அவளுக்கு முக்காலி.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் டெம்பரவரி டீச்சர். ஒவ்வொரு ஜூன் மாதமும் குருவானவர் பாக்கியநாதன் அவளைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நிச்சயம் பெர்மனென்ட் என்று சொல்லி, ஒரு சின்ன ஜெபமும் செய்து அனுப்புவார். போன ஜூனில் ஜெபத்துக்குப் பதிலாக ஒரு வாக்கு கிடைத்திருந்தது. நூற்றாண்டு நல்லபடியாக முடிந்தால் ஆர்டர் கையில் கிடைக்கும்.

நூற்றாண்டு நல்லபடியாக முடிவதென்பது நாற்காலியைப் பொறுத்திருந்தது.

விட்கம் ஐயர் விட்டுப்போன சாமான்களில் இப்போது மிச்சமிருந்தது அது ஒன்றுதான். குதிரைவண்டியை யாரோ ஏலம் எடுத்தார்கள். புத்தகங்களைக் கரையான் எடுத்தது. நாற்காலி மட்டும் நல்ல பர்மா தேக்கு. கைப்பிடிகளில் சிங்க முகம், கால்களில் சிங்கப் பாதம், உயரமான முதுகு, உட்காரும் பலகைக்குக் கீழே நான்கு பக்கமும் அடைத்த பெட்டி. யாரோ ஒரு காலத்தில் பலகையை ஆணி அடித்து, மேலே சிவப்பு வெல்வெட் மெத்தை தைத்துப் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரிய குடும்பத்துப் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். பேராயர் நூற்றாண்டுக்கு வரும்போது அதில்தான் உட்காருவார் என்பது முதல் தீர்மானம். அதை இனி நாற்காலி என்று யாரும் சொல்லக்கூடாது, திருவாசனம் என்றே சொல்லவேண்டும் என்பது இரண்டாவது.

“ராஜாவும் போயாச்சு, தர்பாரும் போயாச்சு” என்றார் சிரஸ்தார். “பிஷப்புக்கு அத்தியட்சர்னு மரியாதையா ஒரு பேரு இருந்தது, சபையெல்லாம் ஒண்ணா சேர்ந்து அதையும் பேராயர்னு ஆக்கிட்டாங்க. நமக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஆசனம் ஒண்ணுதான். இதுல உக்காந்துதான் நம்ம ஐயர் நம்ம எல்லாரையும் ஆண்டாரு.”

அவர் அழுதார். உண்மையாகவே அழுதார். சந்தனம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சிரஸ்தார் எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்த சரித்திரச் சுருக்கத்தின்படி, விட்கம் ஐயர் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்து, வாலிப வயதில் கப்பலேறி, இந்த வறண்ட பூமிக்கு வந்து, முப்பத்தைந்து வருஷம் ஓயாமல் உழைத்து இங்கேயே மரித்தார். எல்லாம் சரிதான். வந்த முதல் வாரமே அவருக்கு வயிறு கெட்டுப்போனதும், முப்பத்தைந்து வருஷமும் அது சரியாகவே ஆகாததும் சுருக்கத்தில் இல்லை. அவர் ஊரூராகப் போய்ப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டு, பெரும்பாலும் பாதி வழியில் குதிரையைத் திருப்பிக்கொண்டு பங்களாவுக்கு வேகமாக வந்துவிடுவார். குதிரைக்கு அந்தத் திரும்புகிற இடமெல்லாம் பழகிப்போய், பிறகு அதுவாகவே திரும்ப ஆரம்பித்தது. ஐயர் ஊழியத்தின் எல்லை விராலிமலை வரைக்கும் எட்டாததற்கு இறையியல் காரணம் ஒன்றும் இல்லை.

சுருக்கத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. பஞ்ச வருஷத்தில் ஐயர் தெற்குத் தெருவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களும் ஆலயத்துக்குள் வந்தார்கள். வந்த ஞாயிற்றுக்கிழமையே முன் பெஞ்சுக் குடும்பங்கள் எழுந்து வெளியே போய், ஒரு வருஷம் திரும்பி வரவில்லை. அந்த வெளிநடப்புக்குத் தலைமை தாங்கியவர் சிரஸ்தாரின் தகப்பனார். சுருக்கத்தில் அவர் ‘ஐயரவர்களின் வலது கரமாக விளங்கியவர்’ ஆனார். தெற்குத் தெருவுக்குத் தரையில் பாய் என்று முடிவானதும் முன் பெஞ்சுகள் திரும்பி வந்தன. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஆலயத்தின் மேற்குச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தச் சுவரோரம் பாயில் உட்காருகிறவர்கள் திரும்பி அண்ணாந்தால் அதைப் படிக்கலாம். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது முதுகுப் பக்கம்.

சந்தனம் பாயில் உட்கார்ந்து படித்தவள். அவள் தாய் மூக்காயி, ஐயர் பங்களாவில் வேலை பார்த்தவள். பின்வாசல் வேலை.

பங்களாவில் ஐயருடைய படுக்கையறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்கு வெளியிலிருந்து ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் நுழைந்தவள் மூக்காயி ஒருத்தி மட்டும். சமையல்காரர் போகமாட்டார். பட்லர் போகமாட்டார். சபைப் பெரியவர்கள் அப்படி ஓர் அறை இருப்பதைக்கூட நினைக்கமாட்டார்கள். அந்த அறையில்தான் நாற்காலி இருந்தது. பலகையை மேலே தூக்கினால் வட்டமாக ஒரு துவாரம். பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. கதவைத் திறந்தால் எனாமல் சட்டி. மூக்காயி அந்தச் சட்டியைத் தினமும் எடுத்துக்கொண்டு போய்ப் பாறைக்கு அந்தப் பக்கம் கொட்டி, கழுவி, சாம்பல் தூவித் திரும்ப வைப்பாள். ஐயர் மரித்து, பங்களா கைமாறி, சட்டி காணாமல் போனபோது, சிங்க முகத்தோடு தேக்கில் மிச்சம் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரிய நியாயமே இல்லை. தெரிந்தவளிடம் கேட்கிற வழக்கம் இல்லை.

ஆனால் கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்தில் குருவானவருக்கு அது தோன்றியது.

“ஏம்மா சந்தனம், ஒங்க ஆத்தா பங்களாவுல இருந்தவதானே. ஐயர் இந்த ஆசனத்துல உக்காந்து பாத்திருக்காளான்னு கேட்டுட்டு வா. ஒரு சாட்சியா நூற்றாண்டு மலர்ல போடலாம்.”

அன்று சாயங்காலம் மூக்காயி வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் விஷயத்தைச் சொன்னதும், உடைத்த கடலை மடியிலிருந்து சிதறுகிற மாதிரி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, மறுபடியும் சிரிப்பு வந்தது.

“அதுலயா பிஷப்பு உக்காரப் போறாரு?”

“சிரிக்காத ஆத்தா. நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?”

“உள்ளதைச் சொல்லு. காலையில உக்காருவாரு, சாயங்காலம் உக்காருவாரு. மாங்காக் காலத்துல ராத்திரியும் உக்காருவாரு. அதுலதான் ஜெபம் பண்ணுவாரு, அதுல பொய்யில்ல. கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவரே ஆண்டவரேன்னு கூப்புடுவாரு. வெளிய நிக்கற எனக்கே மனசு ஒருமாதிரி இருக்கும்.”

சந்தனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தாவின் கைகளைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாராவது அவள் பக்கத்தில் உட்கார மறுத்தால், வீட்டுக்கு வந்து அந்தக் கைகளைத்தான் கோபத்தோடு பார்ப்பாள். கைகள் ஒன்றும் செய்யவில்லை என்று புரிய வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகும், யாராவது வீட்டுக்கு வந்தால் ஆத்தாவை உள்ளே போகச் சொல்லுகிற பழக்கம் போகவில்லை. அதை ஆத்தா கவனித்திருக்கிறாளா என்று கேட்கிற தைரியமும் வரவில்லை.

“ஒனக்கு அவர் மேல கோவமே இல்லையா?” என்று கேட்டாள்.

மூக்காயி யோசித்தாள். “சட்டியை எடுக்க உள்ள போனா, எந்திரிச்சு நின்னுக்கிட்டு, மூக்காயி, மன்னிக்கணும்பாரு. தினமும். பேரைச் சொல்லி. அந்தப் பங்களாவுல என் பேரு தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான். மத்தவங்களுக்கு நான் ஏய். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தர் மன்னிப்புக் கேக்கறதைக் காதுல வாங்காத மாதிரி போறது? சரி போன்னு ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டேன்.”

“அவரே கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம்ல?”

“கொட்டியிருக்கலாம்” என்றாள் மூக்காயி. “அது அவருக்குத் தோணல.”

மறுநாள் சந்தனம் கமிட்டியிடம் உள்ளதைச் சொன்னாள். காலையும் மாலையும் உட்காருவார், சில நாள் இரவிலும். கண்ணை மூடி ஆண்டவரைக் கூப்பிடுவார். வெளியே நிற்பவர்களுக்கு மனம் உருகும். மன்னிக்கணும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. குருவானவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். மலரில் அது ‘ஒரு பழைய ஊழியக்காரியின் சாட்சி’ என்ற தலைப்பில் வந்தது. பெயர் போடவில்லை, பெயர் போட்டால் தெரு தெரிந்துவிடும் என்று சிரஸ்தார் சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் சந்தனம். முழுதையும் சொல்லாதது பயத்தினாலா, ஆர்டர் மேல் ஆசையினாலா, அல்லது அடியில் எங்கேயோ கிடந்த ஒரு கெட்ட சந்தோஷத்தினாலா என்று நடந்துகொண்டே யோசித்தாள். பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

நாற்காலிக்குப் பாலிஷ் போட அன்னவாசலிலிருந்து இருளாண்டி ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் மெத்தையைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, பலகையைத் தூக்கினார். கமிட்டி சுற்றி நின்றது.

“என்னங்கய்யா இது, நடுவுல ஓட்டையா இருக்கு” என்றார் இருளாண்டி. “பின்னாடி வேற ஒரு கதவு வெச்சிருக்கான்.”

சந்தனம் ஆசாரியின் கையைப் பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும். தெரிந்தால் தன்னை யாரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

கமிட்டி குனிந்து துவாரத்தைப் பார்த்தது. பிறகு மில்காரர், வெயில் தேசத்துக்காகக் காற்றோட்டம் வைத்துச் செய்திருப்பார்கள், வெள்ளைக்காரன் மூளையே மூளை என்று சொன்னார். சிரஸ்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குருவானவர் கையை உயர்த்தி இருவரையும் அமர்த்தினார்.

“இது வெறுமை” என்றார். “அவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினார்னு வேதம் சொல்லுது. விட்கம் ஐயர் தினமும் தம்மை வெறுமையாக்கின இடம் இது.”

இருளாண்டி ஆசாரி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். திரும்பி வர நேரம் பிடித்தது.

அடுத்த கூட்டத்துக்குள் குருவானவருக்கு இன்னும் தெளிவு பிறந்திருந்தது. துவாரம், அதற்குக் கீழே பெட்டி, பின்னால் கதவு: இது காணிக்கைப் பெட்டி. ஏழைகளுக்காக ஐயர் தம் சம்பளத்தை இதன் வழியாகப் போட்டுவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காமல் இருந்திருக்கிறார். பின்கதவு வழியாக ஏழைகள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாத தர்மம். மில்காரர் உடனே பலகையைத் தூக்கி மூடுகிற மாதிரி பித்தளைக் கீல் போடவும், துவாரத்துக்கு அடியில் வைக்கக் கும்பகோணத்திலிருந்து வெள்ளித் தட்டு வரவழைக்கவும் பொறுப்பேற்றார். தட்டு வந்தது. துவாரத்துக்குக் கீழே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

இனி திருவாசனத்தை ஊர்வலமாக எடுத்துப்போவதுதான் பாக்கி. யார் தூக்குவது என்பதில் முன் பெஞ்சுக் குடும்பங்களுக்குள் சண்டை வந்து, இரண்டு பேர் பேச்சை நிறுத்தி, ஒரு கல்யாணப் பேச்சு முறிந்து, கடைசியில் மூலைக்கு ஒரு குடும்பம் என்று முடிவானது. தெற்குத் தெரு வாலிபர்கள் தாங்களும் கொஞ்ச தூரம் தோள் கொடுக்கலாமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அதற்குத் தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. சிரஸ்தார் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“தெற்குத் தெருச் சகோதரர்களின் ஆர்வத்தைக் கமிட்டி பாராட்டுகிறது. ஆயினும் ஐயரவர்களின் திருவாசனத்தின் பரிசுத்தத்தை முன்னிட்டு, அத்தெருவினர் அதைத் தொடுவதோ, தூக்குவதோ, தோள் கொடுப்பதோ எக்காலத்திலும் கூடாது. அவர்கள் பந்தல் போட்டு, பின்னால் கீர்த்தனை பாடி வரலாம். எழுதிட்டியாம்மா? எக்காலத்திலும்னு போட்டியா?”

“போட்டுட்டேங்கய்யா” என்றாள் சந்தனம்.

எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தன் மேல் பயம் வந்தது. ஆத்தாவின் கையை எத்தனை வருஷம் பார்த்தேன், என் கை என்ன செய்கிறது என்று பார்க்கவே இல்லையே என்று நினைத்தாள்.

நூற்றாண்டு நாள் வந்தது. திருவாசனம் மல்லிகையும் அரளியும் சூட்டி, குடை பிடித்து, நாதஸ்வரத்தோடு ஊரைச் சுற்றி வந்தது. இந்துக்கள் தெருவிலும் மரியாதையாகத் தேங்காய் உடைத்தார்கள்; குருவானவர் அதைக் கவனிக்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார். ஆலய வாசலில் இறக்கி வைத்ததும் சிரஸ்தார் பலகையைத் தூக்கினார். மக்கள் வரிசையாக வந்து துவாரத்தில் காணிக்கை போட்டார்கள். காசு விழும்போது வெள்ளித் தட்டு கணீரென்றது. மில்காரர் மனைவி பேரக்குழந்தையைத் துவாரத்தின் மேல் ஒரு நிமிஷம் உட்காரவைத்து எடுத்தாள். குழந்தைக்கு மட்டும் அது எதற்கு என்று புரிந்த மாதிரி இருந்தது. தட்டைத் துடைத்தார்கள். ஆசீர்வாதம் என்றார்கள்.

மூக்காயி தெற்குத் தெருப் பெண்களோடு பந்தலின் கடைசியில் நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

பேராயர் திருச்சியிலிருந்து விராலிமலை வழியாகக் காரில் வந்து இறங்கினார். வயதான வெள்ளைக்காரர், நல்ல மனிதர், தமிழில் எழுத்து எழுத்தாகப் பேசுவார். மாலை போட்டு அழைத்து வந்தார்கள். வரிசையும், திறந்திருந்த பலகையும், காசு விழும் சத்தமும் அவர் கண்ணிலும் காதிலும் ஒரே சமயத்தில் பட்டன. அவர் அசையாமல் நின்றார். முகம் முதலில் வெளுத்து, பிறகு கழுத்திலிருந்து மேலாகச் சிவந்தது.

குருவானவர் பலகையை மூடி, மெத்தையைத் தட்டி, “ஆண்டவரே, தாங்கள் திருவாசனத்தில் அமர்ந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்” என்றார்.

“நன்றி” என்றார் பேராயர். “நான் நிற்பேன்.”

திருவாசனத்தை உள்ளே பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்; அதன் அருகில் அவர் நின்றார். வரவேற்புரை முழுக்க நின்றார். சிரஸ்தாரின் சரித்திரச் சுருக்கம் முழுக்க நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கும்மிக்கும், மில்காரரின் வரவு விவரத்துக்கும் நின்றார். குருவானவர் பிரசங்க பீடத்தில் ஏறி, விட்கம் ஐயர் தம்மிடம் இருந்த எல்லாவற்றையும் இந்த மக்களுக்காக இதே ஆசனத்தில் விட்டுச் சென்றார் என்று தழுதழுத்தபோது, பேராயர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சபை முழுவதும் அதைப் பார்த்தது. பேராயரே அழுகிறார். பேராயரே உட்காரத் தம்மைத் தகுதியில்லாதவராக நினைக்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஆலயத்தில் அன்று உட்கார்ந்திருந்தது திருவாசனம் ஒன்றுதான்.

மூக்காயியும் பந்தலில் எல்லாரோடும் நின்றாள். சந்தனம் திரும்பி, திறந்த வாசல் வழியாக அவளைத் தேடினாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. முதல் தடவையாகச் சந்தனத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும், அது இத்தனை நாளும் உள்ளே எவ்வளவு கனமாக இருந்தது என்று தெரிந்தது.

புறப்படும்போது பேராயர் குருவானவரைக் காருக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, இங்கிலீஷில் மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். ஒரே வாக்கியம். கார் போய், புழுதி அடங்கி, பந்தல் பிரித்த பிறகும் குருவானவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கமிட்டியைக் கூட்டினார். உடுப்பறையில் அல்ல; ஆலயத்துக்குள்ளேயே, கதவுகளைச் சாத்திவிட்டு. பீடத்துக்குப் பக்கத்தில் திருவாசனம் வாடின மாலையோடு இருந்தது. அதற்கு வெகு தூரத்தில், கடைசி பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்தார்கள். சந்தனம் போனபோது மில்காரர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

குருவானவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆசனம் வேறு ஓர் உபயோகத்துக்காகச் செய்யப்பட்டது என்று தெரியவந்திருப்பதாகச் சொன்னார். என்ன உபயோகம் என்று சிரஸ்தார் கேட்டார். துவாரம், கீழே பெட்டி, காலையும் மாலையும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குருவானவர் மேற்குச் சுவரைப் பார்த்தார். சிரஸ்தாருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நூற்றாண்டு அன்று ஊரே பார்க்க அவர் அந்தப் பலகையில் நெற்றியை வைத்து வணங்கி, முத்தமும் இட்டிருந்தார். எழுந்து வெளியே போனார். வெளியே வாளித் தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஈர முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை நற்கருணை” என்றார் குருவானவர். “அதுக்குள்ள இது இங்கேருந்து போயாகணும். வெளியே தெரியக்கூடாது. திருச்சிக்கு அனுப்பி வெச்சுட்டோம்னு சொல்லிக்கலாம்.”

போகத்தான் வேண்டும் என்றார் மில்காரர். யார் எடுப்பது என்று சிரஸ்தார் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊர்வலத்தில் எந்த மூலையைத் தூக்குவது என்று கல்யாணத்தை முறித்தவர்களின் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்பட்டன. ஒருவருக்கு இடுப்பு வலி வந்திருந்தது. ஒருவர் தஞ்சாவூர் போயிருந்தார். சிரஸ்தார் தாமும் அந்த மூலைகளில் ஒன்றைப் பிடித்தவர் என்பதை மறந்திருந்தார்.

பிறகு மூன்று பேரும் சந்தனத்தைப் பார்த்தார்கள்.

“ஒங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார் சிரஸ்தார். “ஏன் சொல்லல?”

“காலையும் சாயங்காலமும் உக்காருவாருன்னு சொன்னாங்கய்யா” என்றாள் சந்தனம். “மலர்லயே வந்திருக்கு.”

குருவானவர் அங்கியின் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்துத் திருப்பிக் காட்டினார். பெர்மனென்ட் ஆர்டர். அவள் பெயர் முழுதாக டைப் அடித்திருந்தது. கீழே மேனேஜர் கையெழுத்தும் போட்டாகியிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

“டீச்சர்” என்றார். ஏழு வருஷத்தில் அவர் அவளை நேருக்கு நேராக அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்குவீங்க. ஒங்க தெரு ஆளுங்களுக்கு இது பழக்கம். ஒங்க ஆத்தாவுக்கு இது புதுசு இல்ல. விடியறதுக்குள்ள பின்வாசல் வழியா எடுத்துட்டுப் போய்ப் பாறைக்கு அங்கிட்டு எரிச்சிடச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை நான் தேதியைப் போட்டுடறேன்.”

அவள் காகிதத்தைப் பார்த்தாள். தன் பெயரை அச்செழுத்தில் அவள் அதிகம் பார்த்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆத்தாவிடம் சொன்னால், ஒரு பேச்சும் பேசாமல் எழுந்து வருவாள், சிரித்துக்கொண்டேகூட வருவாள். இந்தத் தடவை மன்னிக்கணும் என்று சொல்ல அந்த அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். கொட்டியிருக்கலாம், அது அவருக்குத் தோணல என்று ஆத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. இவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். தோன்றியது. வெகுநாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது என்றும் தெரிந்தது.

சந்தனம் காகிதத்தை ஒரு விரலால் குருவானவர் பக்கமாகத் தள்ளினாள்.

“எங்க தெருக்காரங்க அதைத் தொடக்கூடாதுன்னு தீர்மானம் இருக்குங்கய்யா” என்றாள். “எக்காலத்திலும்னு போட்டிருக்கு. நான்தான் எழுதினேன்.”

பீடத்தின் பக்கம் சிங்க முகங்கள் பளபளவென்று இருந்தன. இருளாண்டி ஆசாரி நன்றாகவே பாலிஷ் போட்டிருந்தார்.

அவள் பேனாவை மூடினாள்.

“மன்னிக்கணும்” என்றாள்.